வெற்று நிலம் என்று விற்கப்பட்ட ஊர்

"நாங்கள் வந்தபோது இங்கே ஒன்றுமே இல்லை, வெறும் பாலைவனம்." சான்ட்லர் நகரில் குடியேறிய யாரிடம் பேசினாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு வந்தவரும் சொல்வார், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு வந்தவரும் சொல்வார். வீடு விற்கும் முகவர் சொல்வார். பொங்கல் விழாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் பெருநகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊரில் நான் நீண்ட காலமாக வாழ்கிறேன். இதை என் ஊராகவே நினைக்கிறேன். அதனால்தான் அந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. அது உண்மையல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மண்ணை விற்றவர்கள் அனைவரும் அதைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். ஆனால் இங்கே எப்போதும் யாரோ இருந்திருக்கிறார்கள். ஏதோ ஒன்று விளைந்திருக்கிறது. அதற்கான தண்ணீர் யாரிடமிருந்தோ வந்திருக்கிறது.

ஊரின் வளர்ச்சியைப் பார்த்தால் அந்த வாக்கியம் ஏன் அத்தனை எளிதாக வாயில் வருகிறது என்பது புரியும். 1980இல் சான்ட்லரின் மக்கள்தொகை ஏறத்தாழ 30,000. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,75,987. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஊர் ஒன்பது மடங்கு பெருத்தது. அதுவும் எப்படிப்பட்ட இடத்தில்? ஆண்டு முழுவதும் சேர்த்து இருபது சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிகம். 2023 ஜூலையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியது; செல்சியஸில் 43க்கும் மேல். அந்த நாட்களில் காரின் கதவுப் பிடியைத் துணி சுற்றித்தான் தொட முடியும். குழந்தைகள் காலை ஆறு மணிக்கு விளையாடிவிட்டு எட்டு மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டே முக்கால் லட்சம் பேர் வாழ்கிறோம் என்றால், அதை யாரோ வெறும் மணலிலிருந்து உருவாக்கினார்கள் என்று நம்பத்தான் தோன்றும்.

என் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது, "இது எந்த ஆற்றங்கரை ஊர்?" என்று கேட்டார். ஊர் என்று ஒன்று இருந்தால் ஆறு என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. டூசான் போகும் நெடுஞ்சாலையில் அவரைத் தெற்கே அழைத்துப் போனேன். சிறிது தூரத்தில் ஒரு பாலம் வரும். அதன் தொடக்கத்தில் 'ஹீலா ஆறு' என்று ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை இருக்கும். பாலத்துக்குக் கீழே மணலும் முட்செடியும் தவிர வேறொன்றும் இல்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம் வைகை மாதிரிதான் கிடக்கிறது. ஆனால் வைகைத் தண்ணீர் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். இது எங்கே போனது?" என்றார்.

இந்த ஊரைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் ஆகச் சரியான கேள்வி அதுதான்.

ஹீலா ஆற்றின் கரையிலும், வடக்கே ஓடும் சால்ட் ஆற்றின் கரையிலும் ஆயிரம் ஆண்டுகள் வேளாண்மை செய்தவர்கள் ஹுஹுகம் என்று அழைக்கப்படும் மக்கள். கி.பி. 450 வாக்கிலிருந்து 1450 வரை அவர்கள் இங்கே வாழ்ந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இரும்புக் கருவி இல்லை, மாடு குதிரை இல்லை. கையில் தோண்டுகோல் மட்டும். அதை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். வெறுமனே வெட்டியதல்ல, தண்ணீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்காமலும், மெதுவாக ஓடி வண்டல் சேர்ந்து அடைத்துக்கொள்ளாமலும் இருக்கும்படி சரிவைக் கணக்கிட்டு வெட்டியவை. மக்காச்சோளம், அவரை, பூசணி, பருத்தி எல்லாம் விளைந்திருக்கின்றன. 1860களில் பீனிக்ஸில் குடியேறிய வெள்ளையர்கள் முதலில் செய்த வேலை, தூர்ந்து கிடந்த அந்தப் பழைய வாய்க்கால்களைத் தூர்வாரியதுதான். இன்று பெருநகரத்தைச் சுற்றி ஓடும் கால்வாய்களில் சில அந்தப் பழைய தடத்தையே பின்பற்றுகின்றன. வெற்று நிலம் என்றவர்கள், வேறு யாரோ வெட்டி வைத்த வாய்க்காலில்தான் தங்கள் முதல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள்.

ஹுஹுகம் மக்களின் வழித்தோன்றல்கள் அக்கிமெல் ஓஒதம் இனத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹீலா கரையில் அவர்களுடைய கோதுமை செழித்து விளைந்தது. தங்கம் தேடிக் கலிபோர்னியா போன பயணிகளும் அமெரிக்கப் படைவீரர்களும் இவர்களிடம்தான் தானியம் வாங்கினார்கள். பாலைவனத்தைக் கடந்து வந்தவர்களுக்குச் சோறு போட்டவர்கள் இவர்கள். அப்படி வந்தவர்களில் சிலர் ஆற்றின் மேற்பகுதியில் குடியேறித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். 1870களில் தொடங்கியது, சில பத்தாண்டுகளில் கீழே ஆறு வறண்டே போனது. உபரியாகக் கோதுமை விற்ற மக்கள் அரசாங்கம் கொடுத்த ரேஷனுக்குக் கை நீட்டும் நிலைக்கு வந்தார்கள். அதைப் பஞ்சகாலம் என்றே அவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அம்மாவின் கேள்விக்கு விடை இதுதான். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகவில்லை; எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஊருக்குப் பெயர் கொடுத்தவர் டாக்டர் அலெக்சாண்டர் ஜான் சான்ட்லர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்த கால்நடை மருத்துவர். 1887இல் அரிசோனா பிரதேசத்தின் முதல் அரசுக் கால்நடை மருத்துவராக வந்து சேர்ந்தார். அப்போது கடும் வறட்சி. மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. வேலையே வேண்டாம் என்று முடிவு செய்து கிளம்பியவர், வழியில் பீனிக்ஸில் தங்கியபோது மழை கொட்டியது. அந்த மழையும் சால்ட் ஆற்று வெள்ளமும் அவர் மனத்தை மாற்றின என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. அவர் ஆழ்ந்து படித்த பாடம் கால்வாய். 1891இல் கால்வாய் நிறுவனம் தொடங்கி, இயந்திரம் வைத்துத் தூர்வாரி, தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் நிலம் வாங்கிச் சேர்த்தார். நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரிடம் 18,000 ஏக்கர் இருந்தது.

பிறகு சால்ட் ஆற்றின் குறுக்கே ரூஸ்வெல்ட் அணை வந்தது. 1903இல் பள்ளத்தாக்கின் விவசாயிகள் ஒன்றுகூடித் தங்கள் நிலங்களையே ஈடாக வைத்து மத்திய அரசின் பணத்தைப் பெற்றார்கள். 1911இல் அணை திறக்கப்பட்டது. ஆனால் மத்திய அரசின் பாசனச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒருவருடைய 160 ஏக்கருக்கு மட்டுமே அணைத் தண்ணீர் கிடைக்கும். 18,000 ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துண்டு போட்டு விற்பதுதான் வழி. 1912 மே 17ஆம் தேதி ஊர் மனை விற்பனை தொடங்கியது. அரிசோனா மாநிலமாகி மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. விளம்பரம் பார்த்து ரயிலேறி வந்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆக, இந்த ஊர் தானாக முளைத்ததல்ல. நில உச்சவரம்புக் கணக்கைச் சரிக்கட்டப் பிறந்தது. இன்றைக்கு ஊரின் எல்லைகளில் கொடி கட்டி, மாதிரி வீடு காட்டி விற்கிறார்களே, அந்தத் தொழிலுக்கு இங்கே வயது நூறைத் தாண்டிவிட்டது.

டாக்டரைக் குறை சொல்லியே நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. அழகுணர்ச்சி உள்ள மனிதர் அவர். ஊரின் நடுவே பூங்கா, அதைச் சுற்றிக் கடைகள், கடைகளுக்கு முன்னால் நிழல் தரும் தூண் வரிசை என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டார். ஜூன் மாத நடுப்பகலில் அந்தத் தூண்களுக்குக் கீழே நடந்து பார்த்தவர்களுக்கு அந்த மனிதரின் அருமை தெரியும். 1913இல் சான் மார்கோஸ் ஹோட்டலைத் திறந்தார். கான்கிரீட்டில் கட்டிய அந்தக் கட்டடம் இன்றும் இயங்குகிறது. குளிர்காலத்தில் கிழக்கு மாநிலச் செல்வந்தர்கள் வந்து தங்கினார்கள். பாலைவனத்தின் நடுவே புல்தரைக் கோல்ஃப் மைதானம். இங்கே தண்ணீர் பயிருக்காக மட்டும் வரவில்லை, காட்சிப்பொருளாகவும் வந்தது. பசும்புல்லைக் காட்டினால்தான் மனை விலைபோகும் என்பதை அப்போதே அறிந்து வைத்திருந்தார்கள். இன்றும் குடியிருப்புகளின் வாசலில் செயற்கை ஏரியும் நீரூற்றும் வைக்கிறார்கள்.

விளைபொருள்கள் மாறிக்கொண்டே வந்தன. குதிரைமசால், அடுத்து நெருப்புக்கோழி. ஆம், நெருப்புக்கோழிதான். ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் தொப்பிகளில் அந்த இறகு செருகும் மோகம் உச்சத்தில் இருந்த காலம். டாக்டரும் பண்ணை வைத்தார். முதல் உலகப்போரோடு அந்த மோகம் போயிற்று, இறகு விலையும் போயிற்று. அதன் நினைவாக 1989இலிருந்து இங்கே நெருப்புக்கோழித் திருவிழா நடக்கிறது.

போர் இறகை வீழ்த்தியது, பருத்தியை உயர்த்தியது. டயருக்குள் வைக்கும் துணிக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். குட்இயர் நிறுவனம் இன்றைய சான்ட்லரின் தென்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பருத்தி போட்டது. பறிக்க ஆள் வேண்டுமே? மெக்சிகோவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பருத்தி விவசாயிகள் சங்கமே ஆள் வைத்துத் திரட்டிக் கொண்டுவந்தது. போர் முடிந்தது, 1920 வாக்கில் விலை சரிந்தது. கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பும் பொறுப்பைக்கூடப் பலர் ஏற்கவில்லை. கூலி பாக்கியோடு, ஊர் திரும்பக் காசில்லாமல், அந்தக் குடும்பங்கள் பள்ளத்தாக்கெங்கும் தவித்தன.

எங்கள் தெருவிலிருந்து சிறிது தூரத்தில் ஓய்வுபெற்ற பள்ளி பஸ் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பாட்டி பருத்தி பறிக்க வந்தவர். ஊரின் மையத்துக்குத் தெற்கே, மெக்சிகோ வழிவந்தவர்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து வாழ்ந்த பகுதியில் வளர்ந்தவர் அவர். "எங்கள் குடும்பம் இங்கே நான்கு தலைமுறை. ஆனால் என்னைப் பார்த்து எப்போது வந்தாய் என்று கேட்பவர்கள் நேற்று வந்தவர்கள்" என்று ஒருமுறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் 1997 ஜூலையைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறும்.

அந்த மாதம் 27 முதல் 31 வரை நகரப் போலீஸாரும் மத்திய அரசின் எல்லைக் காவலர்களும் சேர்ந்து இந்த ஊரில் ஒரு தேடுதல் வேட்டை நடத்தினார்கள். கடை வாசல், சந்தை, வேலைக்குப் போகும் வழி, நள்ளிரவில் வீட்டுக் கதவு என்று எங்கும் நிறுத்திக் காகிதம் கேட்டார்கள். ஆவணமில்லாத 432 பேர் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்கள் மட்டுமா? இங்கேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கக் குடிமக்களையும் தோலின் நிறத்தையும் ஸ்பானிஷ் பேச்சையும் வைத்தே நிறுத்தினார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்து நகரத்தைக் கடுமையாகக் கண்டித்தது. வழக்குத் தொடர்ந்தவர்களுக்கு நகரம் 1999இல் 4,00,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. இங்கே வீடு வாங்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் தோலும் அதே நிறம்தான். நம்மில் பலர் சட்டைப்பையில் விசா காகிதத்தோடு வந்தவர்கள்தான். வேலைக்கு அழைத்து வருவது, வேலை முடிந்ததும் அந்நியர் என்பது, இந்த மண்ணில் பருத்திக் காலத்திலேயே தொடங்கிய பழக்கம்.

டாக்டர் சான்ட்லரின் கதை சோகமாகத்தான் முடிந்தது. 1928 வாக்கில் பாலைவனத்துக்குள் இன்னும் பெரிய விடுதி ஒன்றைக் கட்ட ஆசைப்பட்டு, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டை அழைத்தார். ரைட் தம் குழுவினருடன் வந்து, மலையடிவாரத்தில் மரப்பலகையும் கித்தான் துணியும் கொண்டு ஒரு முகாம் அமைத்துத் தங்கி, வரைபடங்கள் போட்டார். கித்தான் வழியாக வடிகட்டி விழும் வெளிச்சம் அவரைக் கவர்ந்தது. பின்னாளில் ஸ்காட்ஸ்டேலில் அவர் கட்டிய கூடங்களிலும் அதே கித்தான் கூரையைப் போட்டார். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. விடுதித் திட்டம் காகிதத்தோடு நின்றது. பொருளாதார மந்தத்தில் டாக்டர் தம் சொத்துகளை இழந்து, தாம் கட்டிய ஹோட்டல் வளாகத்தில் ஒரு சிறு வீட்டில் 1950இல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது வெற்று நிலம் என்ற சொல் இன்னொரு முறை பயன்பட்டது. மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றிய ஜப்பானிய அமெரிக்கர்களை அடைக்க இடம் தேடிய அரசு, ஹீலா ஆற்று ஓஒதம் மக்களின் நிலத்தை, அவர்கள் எதிர்த்தும், எடுத்துக்கொண்டது. 1942 முதல் 1945 வரை இயங்கிய அந்த முகாமில் ஒரு கட்டத்தில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சான்ட்லரிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்.

சிலிக்கான் காலத்தை நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அதுதான் நம்மில் பலரை இங்கே கொண்டுவந்தது. 1980இல் இன்டெல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 1990களில் பழைய பருத்தி வயல்கள் இருந்த ஒக்கட்டில்லோ பகுதியில் இன்னும் பெரிய வளாகம். 2021இல் மேலும் இரண்டு ஆலைகளுக்கு 2,000 கோடி டாலர் அறிவிப்பு. இடையில் நெடுஞ்சாலைகள், பள்ளிகள், தமிழ் வகுப்புகள், இட்லி மாவு விற்கும் கடைகள். தானாக ஓடும் கார்களை வேமோ நிறுவனம் உலகுக்கு முதலில் வாடகைக்கு ஓட்டிக் காட்டியதும் எங்கள் தெருக்களில்தான், 2018 டிசம்பரில்.

சிப் தயாரிப்புக்கு ஏராளமான தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு படிநிலையிலும் தகட்டை மிகத் தூய நீரில் கழுவியாக வேண்டும். பாலைவனத்தில் இது நியாயமா என்று கேட்பவர்களிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்வேன். இங்கே தண்ணீரை அதிகம் குடிப்பது வீடும் அல்ல, ஆலையும் அல்ல, வயல்தான். அரிசோனாவின் தண்ணீரில் ஏறத்தாழ முக்கால் பங்கு வேளாண்மைக்குப் போகிறது. பருத்தி வயல் வீடுகளாக மாறும்போது ஒரு ஏக்கருக்குச் செலவாகும் தண்ணீர் பெரும்பாலும் குறைகிறது. ஊர் பெருத்தும் தண்ணீர் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 2015இல் நகரம் ஒரு விதியும் கொண்டுவந்தது: பெரிய அளவில் தண்ணீர் கேட்கும் தொழில்கள், அதற்கு ஈடாக ஊருக்கு என்ன தருகின்றன என்று காட்ட வேண்டும். நல்ல விதி.

ஆனால் எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர் அல்ல. பழைய சான்ட்லரில் என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு வரப்பு. ஆரஞ்சு மரங்கள், ஒரு பெரிய பெக்கான் மரம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு முறைத் தண்ணீர் வரும். தேதியும் மணியும் முன்பே தெரிவித்துவிடுவார்கள். அது அதிகாலை இரண்டு மணியாகவும் இருக்கலாம். கால்வாயின் மதகைத் திறந்துவிட சன்ஹேரோ என்று அழைக்கப்படும் ஊழியர் வருவார். ஸ்பானியர் காலத்துப் பெயர். நம் ஊர் நீர்ப்பாய்ச்சி செய்யும் அதே வேலை. தெருவுக்குள் வந்த தண்ணீரை வீட்டுக்காரர்களே முறைப்படி திறந்து மூட வேண்டும். ஓர் இரவு நானும் கூடவே நின்றேன். நண்பர் டார்ச் விளக்கோடு குனிந்து, துருப்பிடித்த இரும்புத் திருகைச் சுற்ற, தரைக்கடியிலிருந்து முதலில் காற்று வந்தது, அடுத்துக் கலங்கல் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அரை மணி நேரத்தில் தோட்டம் குளமாகிவிட்டது. தவளைகள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் முறைக்காகச் செருப்பில்லாமல் வேலியோரம் காத்திருந்தார். இருவரும் தாழ்ந்த குரலில் விலைவாசி பேசினார்கள். எங்கள் புதுக் குடியிருப்பில் இப்படிப் பேசிக்கொள்ள ஒரு காரணமே கிடையாது.

அது ரூஸ்வெல்ட் அணைத் தண்ணீர். 1903இல் அடகு வைத்த நிலங்களுக்கு மட்டுமே அதில் உரிமை. உரிமை மனிதரோடு அல்ல, மண்ணோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் உரிமை உண்டு, அந்தப் பக்கம் இல்லை. உரிமையில்லாத பக்கத்துக்கு, 336 மைல் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் கால்வாயில் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் வருகிறது. அதுவும் போதாதபோது நிலத்தடி நீர். அதை வரைமுறையின்றி இறைத்ததால் பக்கத்தில் குவீன் கிரீக், சான்ட்லர் ஹைட்ஸ் பகுதிகளில் நிலம் தாழ்ந்து பிளவுகள் விட்டன. 1980இல் மாநிலம் நிலத்தடி நீருக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. புதிய குடியிருப்பு கட்டுபவர் நூறு ஆண்டுகளுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். எங்கள் ஊரின் கழிவுநீர் ஏறத்தாழ முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு மறுபடி பயன்படுகிறது. வெட்டரன்ஸ் ஒயாசிஸ் என்ற 113 ஏக்கர் பூங்காவில் அந்த நீரைக் குளங்களில் விட்டுத் தரைக்குள் இறக்குகிறார்கள். குளிர்காலக் காலைகளில் நான் அங்கே நடக்கப் போவேன். வீட்டுக் குளியலறையில் நேற்று ஓடிய தண்ணீர் அங்கே நாரைகளுக்கு மீன் வளர்த்துக்கொண்டிருக்கும். ஒட்டுமொத்தப் புறநகரிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

இப்போது ஊரின் தெற்கு எல்லைக்கு வருகிறேன். ஹன்ட் நெடுஞ்சாலை என்று பெயர். நெடுஞ்சாலை என்றாலும் ஊர்ச்சாலைதான். வடக்கே சுற்றுச்சுவர், சுவருக்குப் பின்னால் ஓட்டுக்கூரை வீடுகள், நீச்சல் குளங்கள். தெற்கே திடீரென்று வானம் விரிந்துவிடும். அங்கிருந்து ஹீலா ஆற்று மக்களின் தன்னாட்சி நிலம் தொடங்குகிறது. நம் நண்பர்களே அந்தச் சாலையில் போகும்போது, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, எத்தனை வீடு கட்டலாம்!" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. கோதுமை, பருத்தி, குதிரைமசால் விளையும் வயல்கள் உள்ளே இருக்கின்றன. மெஸ்கீட் மரங்கள் காடாக நிற்கும் இடங்கள், முன்னோரின் ஊர்கள் புதைந்து கிடக்கும் இடங்கள் இருக்கின்றன. யாரும் விற்கவில்லை என்பதால் விலைப்பலகை இல்லை, அவ்வளவுதான். சான்ட்லர் இனித் தெற்கே வளர முடியாது என்பதற்குக் காரணம் அந்த எல்லை. நான் அதை இந்த ஊரின் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன்.

பறிபோன தண்ணீரை அந்த மக்கள் விட்டுவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக வழக்காடினார்கள். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ராட்னி லூயிஸ் பல பத்தாண்டுகள் அதற்கே உழைத்தார். 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவர்களுக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி தண்ணீரை உறுதி செய்தது. காவிரிச் செய்தி படித்து வளர்ந்த நமக்குப் புரியும் கணக்கில் சொன்னால், 28 டி.எம்.சி.க்கும் சற்று மேல். அதில் ஏறத்தாழப் பாதி கொலராடோவிலிருந்து கால்வாய் வழியே வரவேண்டியது. ஹீலா ஆற்றில் இழந்ததற்கு ஈடாக இன்னோர் ஆற்றின் தண்ணீர். சில இடங்களில் வறண்ட ஹீலா படுகையிலேயே அதை விட்டுத் தரைக்குள் இறக்கினார்கள். நாணல் மறுபடி முளைத்தது, கூடை முடையும் பெண்களுக்குப் பல காலமாகக் கிடைக்காத செடிகள் கிடைத்தன. இப்போது கால்வாய்க்கு மேலே சூரியத் தகடுகளும் போட்டிருக்கிறார்கள். குஜராத்தில் செய்து பார்த்த அந்த முறை அமெரிக்காவில் முதலில் வந்தது இங்கேதான். அந்த மக்களின் தலைவராக இருப்பவர் ராட்னியின் மகன் ஸ்டீபன் ரோ லூயிஸ்.

அந்தத் தண்ணீர் ஏற்பாட்டில் எங்கள் நகரத்துக்கும் பங்கு உண்டு. சான்ட்லரின் சுத்திகரித்த கழிவுநீர் அவர்களுடைய வயல்களுக்குப் போகிறது. பதிலுக்கு அவர்களுக்கு உரிய கொலராடோ தண்ணீரில் ஒரு பகுதி எங்களுக்கு வருகிறது. ஐந்து பங்கு கொடுத்தால் நான்கு பங்கு. குத்தகையாகவும் கொஞ்சம் தருகிறார்கள். சாலைக்குத் தெற்கே ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களின் சமையலறைக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த மக்களுடையது. 2023இல் கொலராடோ ஆற்றின் மீட் ஏரி அபாயகரமாகத் தாழ்ந்தபோது, ஆண்டுக்கு 1,25,000 ஏக்கர் அடி வரை தங்கள் பங்கை எடுக்காமல் ஏரியிலேயே விட்டுவைக்க அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மத்திய அரசு அதற்குப் பணம் தந்தது என்பது உண்மைதான். அப்படி விட்டுவைக்கும் அளவுக்குத் தண்ணீர் தங்கள் கையில் இருக்கிறது என்று காட்ட அவர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை.

சான்ட்லருக்குள் காலி மனை ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. புதிதாக வரும் குடும்பங்கள் குவீன் கிரீக், மரிகோபா, மேற்கே பக்கை என்று இன்னும் வெளியே போகின்றன. 2023 ஜூனில் மாநில அரசு, பீனிக்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய குடியிருப்புகளுக்கு இனி நூறு ஆண்டுச் சான்று கிடையாது என்று அறிவித்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் தண்ணீர் பற்றவில்லை. ஏற்கெனவே சான்று பெற்ற மனைகளில் வீடுகள் எழும்பிக்கொண்டேதான் இருக்கின்றன. எங்கே வாங்கலாம் என்று என்னிடம் கேட்கும் இளம் தம்பதிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். பள்ளியின் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன், குடியிருப்பைப் பற்றிய பொது அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சட்டப்படி வாங்குபவருக்குத் தர வேண்டிய ஆவணம் அது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற பத்தி அதில் இருக்கும். அண்மையில் ஒரு தம்பதி அந்த அறிக்கையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, எந்தக் கால்வாய், எந்தக் கிணறு, யாருடைய உரிமை என்று வரி வரியாகப் படித்தோம். மாதிரி வீட்டைப் பார்க்கச் செலவிட்டதைவிட அதற்கு அதிக நேரம் ஆனது.